ஒரு மணி முந்தி வரும் கடல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு நவம்பர் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு, லெஸ்டர்ஷைரில் வின்தார்ப் என்ற சந்தை ஊரில், ஹாதார்ன் சந்து பதினாலாம் எண் வீட்டுக்குள் கடல் வந்தது. ஆகப் பக்கத்தில் இருக்கிற கடற்கரை அங்கிருந்து எழுபது மைல். பின்வாசல் கதவுக்கு அடியில் முதலில் ஒரு நுரைக் கோடு நுழைந்தது. அதன் பின்னால் சாம்பல் நிறத் தண்ணீர் சமையலறை, நடை, உட்காரும் அறை என்று வாடகைக்கு வீடு பார்க்க வந்தவரைப் போல ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே போய், கணுக்கால் அளவில் நின்றது. ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டு வந்த வழியே திரும்பியது. கம்பளத்தின் மேல் இரண்டு குட்டி நண்டுகளும் ஒரு முழம் பாசியும் கைப்பிடி மணலும் கிடந்தன. பக்கத்து வீட்டுப் புல்வெளியில் ஒரு சொட்டு ஈரமில்லை. வீட்டுக்காரர் ஆப்ரி டில்லட்சன் அப்போது வறுத்த ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீரைப் பார்த்து, "சாரி" என்றார். ஒருவர் காலை இன்னொருவர் மிதித்தால் மிதிபட்டவர் முதலில் சாரி சொல்வதுதான் அந்த நாட்டு வழக்கம் என்பதால் அவர் மனைவி டாஃப்னி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஐம்பத்தெட்டு வயதில் ஆப்ரி அந்தச் சொல்லை மனதாரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆப்ரி மாவட்ட எடை அளவு ஆய்வாளர். முப்பது வருஷமாக மாவட்டத்தின் எந்த மதுக்கடைக்குள் அவர் நுழைந்தாலும் பேச்சு நின்றுவிடும். பீர் கோப்பையை விளக்குக்கு நேரே உயர்த்தி, நுரை அடங்கும்வரை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, "ஒரு சின்னத் திருத்தம்" என்பார். அந்த மூன்று சொற்களைக் கேட்டு வேர்க்காத கடைக்காரர் கிடையாது. வேலை நேரம் முடிந்தாலும் அவர் கை சும்மா இருக்காது. தேவாலயத்தில் பாட்டு எண்கள் தொங்கும் பலகை, ரயில் நிலையக் கடிகாரம், அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கம்பு ஊன்றிய இடைவெளி என்று எது பிசகினாலும் கை தானாக நீளும். டாஃப்னி ஒரு கதை சொல்லத் தொடங்கினால் அது செவ்வாய் அல்ல புதன் என்று நடுவில் ஒரு திருத்தம் வரும். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவள் ஒரு கதையைக்கூட முடித்ததில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்ததே, அங்கே தொடங்கியதை முடிக்க விடுவார்கள் என்பதற்காகத்தான்.

விடுமுறைக்கு அவர்கள் கோடையில் போவதில்லை. கோடையில் கடலுக்குப் போகிறவர்களுக்கு விடுமுறை எடுக்கத் தெரியாது என்பது ஆப்ரியின் கட்சி. ரசனை உள்ளவர்கள் அக்டோபரில்தான் போவார்கள். அக்டோபரில் வாடகை பாதி என்பது தற்செயல். நார்ஃபக் கரையில் கிரிம்ஹோ என்ற ஊரில் ஒரு சின்னக் கல்வீடு பதினைந்து வருஷமாக அவர்களுக்கு வாடிக்கை. மழை பெய்தால் காரைக் கடலுக்கு நேரே நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஃபிளாஸ்க்கில் இருந்து டீ ஊற்றிக் குடித்தபடி மூன்று மணி நேரம் கடலைப் பார்ப்பார்கள். அவர்களைப் போலவே இன்னும் பதினோரு கார்கள் வரிசையாக நிற்கும். "கொஞ்சம் வெளுக்கிற மாதிரி இருக்கு" என்று ஒவ்வொரு காரிலும் யாராவது ஒருவர் சொல்வார். வெளுக்காது. ஊருக்குக் கிளம்பும் நாளில், விருந்தினர் குறிப்பேட்டில் மற்றவர்கள் "அருமையான வாரம், மனமில்லாமல் போகிறோம்" என்று எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், அந்த வீட்டின் குறைகளை ஆப்ரி எண் போட்டு எழுதிவிட்டு வருவார்.

கிரிம்ஹோவில் கடல் வற்றினால் ஒரு மைல் தூரம் மணல் தெரியும். அதன் கடைசியில் ஒரு திட்டு. இலையுதிர் காலத்தில் சீல் என்கிற கடல் விலங்குகள் அதில் வந்து குட்டி போடும். நடந்து போய்ப் பார்க்கலாம். ஆனால் ஓதம் ஏறும்போது, அதாவது வற்றிய கடல் திரும்பும்போது, தண்ணீர் முன்னாலிருந்து வராது. முதுகுக்குப் பின்னால், கரையை ஒட்டிய வாய்க்கால்தான் முதலில் நிறையும். அதனால் தெருக்கோடியில் ஒரு கரும்பலகை. திட்டிலிருந்து எத்தனை மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று சிட் லார்ட்டர் தினமும் காலையில் அதில் எழுதுவார். மனைவியை இழந்த மீனவர், ஆப்ரியைவிட எட்டு வயது மூத்தவர். முப்பத்தொரு வருஷமாகக் கூலியில்லாமல் எழுதிவந்தார். கிறிஸ்துமஸுக்கு ஊர்ச்சபை ஒரு ரம் பாட்டில் கொடுக்கும். அந்த முப்பத்தொரு வருஷத்தில் அந்தத் திட்டில் ஒருவர்கூட மாட்டிக்கொண்டதில்லை. ஊர்க்காரர்களே கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள், பலகையைத்தான் பார்ப்பார்கள்.

தபால் நிலையத்தில் ஒரு சின்ன ஓதப் புத்தகமும் விற்கும். அதில் திரும்பும் நேரங்கள் எல்லாம் குளிர்கால மணிக்கணக்கில் அச்சாகியிருக்கும். கோடையில் நாடு முழுக்கக் கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பதால், புத்தகம் சொல்வதோடு ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரங்களைப் பழையபடி திருப்பிவிடுவார்கள். அன்று முதல் கூட்ட வேண்டியதில்லை. ஆப்ரி வழக்கமாக அக்டோபர் முதல் வாரம் போகிறவர். அதனால் எப்போதும் கூட்டியே பழக்கம். ஒவ்வொரு வருஷப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் 'ஒரு மணி கூட்டவும்' என்று எழுதி அடிக்கோடு இட்டுவிடுவார். எண்பத்தாறில் அந்த முதல் வாரத்தை நாட்டிங்காமிலிருந்து ஒரு பல் மருத்துவர் முந்திப் பிடித்துவிட்டதால், இவர்களுக்குக் கடைசி வாரம்தான் கிடைத்தது. ஞாயிறு காலையில் அந்த வீட்டிலிருந்த நான்கு கடிகாரங்களையும் தன் கைக்கடிகாரத்தையும் ஆப்ரியே ஒரு மணி பின்னால் திருப்பி வைத்தார். கடிகாரம் திருப்பும் சட்டம் எப்படி வந்தது என்று டாஃப்னிக்கு விளக்கமும் சொன்னார்.

மறுநாள் திங்கள், ஒன்பது மணிக்கு, டாஃப்னியோடு நண்டு சாப்பிட அடுத்த ஊருக்குப் போகிற வழியில் தெருக்கோடியில் காரை நிறுத்தினார். பலகையில் 12.10 என்று இருந்தது. புத்தகத்தைப் பிரித்தார். அதிலும் 12.10. அவருக்கு உதட்டோரம் ஒரு புன்னகை வந்தது. கிழவர் ஒரு மணி கூட்ட மறந்துவிட்டார். கூட்டினால் 1.10. அதற்குச் சாக்பீஸ்கூடத் தேவையில்லை. ஆப்ரி பெருவிரலால் அந்த 2-ஐ அழித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற நேரம்கூட ஆகவில்லை. அறியாத ஜனங்கள் ஒரு மணி நேரம் குறைவாகச் சீல் பார்த்துவிட்டுத் திரும்புவதைத் தடுத்த திருப்தியோடு காரில் ஏறினார். பலகையில் எல்லா எழுத்தும் சிட்டின் கையெழுத்தாகவே இருந்தது.

ஊரில் ரொட்டிக்கடை வைத்திருந்த ஐவி கியூபிட் என்ற விதவைக்குத் திங்கள்தான் ஓய்வு நாள். அன்று தன் ஸ்பேனியல் நாயோடு திட்டுக்கு நடந்து போவாள். அவளுக்கும் சிட்டுக்கும் டிசம்பரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கடலோரத்தில் பிறந்தவள், தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே நேரம் சொல்லக்கூடியவள்தான். ஆனால் கட்டிக்கொள்ளப் போகிறவரின் கையெழுத்து பலகையில் இருக்கும்போது, கடலை யார் பார்ப்பார்கள்? பதினொரு மணிக்குத் திட்டுக்குப் போனாள். பன்னிரண்டரைக்குத் திரும்பிப் பார்த்தபோது வாய்க்கால் நிறைந்திருந்தது. வழிகாட்டி மரக்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மார்பளவு குளிர்த்தண்ணீரில் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றவளை மீட்புப் படகு வந்து தூக்கியது. இடது காலில் மூன்று விரல்களை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. நாய் கிடைக்கவில்லை.

சாயங்காலம் நண்டு ஏப்பத்தோடு ஊர் திரும்பிய ஆப்ரி, தபால் நிலைய வாசலில் கூடிநின்ற கும்பலிடம் விஷயத்தைக் கேட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தேவாலயக் கோபுரக் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின. நேற்று அந்த முள்ளைத் திருப்பியது தன் விரல்கள்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

புதன்கிழமை ஊர்க்கூடத்தில் கூட்டம். வெளியூர்க்காரர்களும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆப்ரி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். சிட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"என் கைதான்யா. வேற யாரும் இல்ல. பன்னெண்டுன்னு எழுதினதாத்தான் எனக்கு ஞாபகம். இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. ஆனா பலகையில ரெண்டு இல்லையே? போய்ப் பாத்தேன். இடம் விட்டிருக்கேன், எழுதல. அப்ப என் தலைதான் போயிருக்கு."

ஆப்ரி எழுந்தார். சொல்லிவிடத்தான் எழுந்தார், அதைக் கடைசிவரை அவர் நம்பினார். தலைகள் எல்லாம் திரும்பின. வாயைத் திறந்தபோது முப்பது வருஷ அலுவலகப் பழக்கம் வெளியே வந்தது. கையெழுத்தை நம்புவது ஆபத்து, பித்தளையில் வார்த்த எண்களைத் தாங்கிகளில் செருகிவைக்கும் பலகை உத்தமம், எழுதியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று நான்கு நிமிஷம் பேசினார். "யார் மீதும் குறை சொல்வதற்கில்லை" என்று முடித்தார். கூடத்தில் கை தட்டினார்கள். தலைவர் நன்றி தெரிவித்தார். சிட் சாக்பீஸ் டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, ஆப்ரியின் தோளைத் தொட்டு, "நல்லாச் சொன்னீங்க சார்" என்று போனார்.

மறுநாளே சிட் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கல்யாணத்தை நிறுத்திவிட்டார். "பன்னெண்டு எழுதத் தெரியாதவன் கையில உன்னைக் கொடுத்துக்காத ஐவி" என்றாராம். அவள் கட்டுப் போட்ட காலோடு எழுந்து உட்கார்ந்து, "நாய் போச்சு, விரல் போச்சு, இப்ப நீயும் போறியா? எல்லாத்தையும் ஒரே வாரத்துல முடிச்சுக்கலாம்னு பாக்குறியா, முட்டாளே?" என்று கத்தியது மூன்று வார்டுகளுக்குக் கேட்டதாம். சிட் போய்விட்டார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டைக் காலி செய்யும்போது ஆப்ரி குறிப்பேட்டில் முதல் முறையாக "அருமையான வாரம்" என்று எழுதினார். அடுத்த செவ்வாய்க்கிழமை கடல் வந்தது.

அதன்பிறகு தினம் இரண்டு தடவை வந்தது. நீர்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு. எங்களுது இல்ல" என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனார். காப்பீட்டு நிறுவனமோ ஆறு, குழாய், மழை மூன்றுக்கும் பொறுப்பு உண்டு, வின்தார்ப்பில் கடல் இல்லாததால் கடலுக்குப் பொறுப்பில்லை என்று கண்ணியமாகக் கடிதம் எழுதியது. பாதிரியார் டீ குடிக்க வந்தார். காலைச் சற்றுத் தூக்கி வைத்துக்கொண்டு வானிலையைப் பற்றியே பேசிவிட்டு, ஈரக் காலுறையோடு போனார். ஒருவர் வீட்டுக்குள் கடல் வருவதை அவராகச் சொல்லாதவரை கேட்பது நாகரிகமில்லை என்று ஹாதார்ன் சந்து முழுதும் ஒருமனதாக நினைத்தது. பன்னிரண்டாம் எண் மிஸஸ் ஸ்டோக்டேல் மட்டும் ஒருநாள், "கடலைப் பத்தி ஒண்ணும் இல்ல டாஃப்னி, அது உங்க வீட்டு விஷயம். அந்தக் கடற்காகங்களை மட்டும் ஞாயித்துக்கிழமை கொஞ்சம் சத்தம் போடாம இருக்கச் சொல்ல முடியுமா?" என்று வேலிக்கு மேலே எட்டிக் கேட்டாள்.

ஆப்ரி கிரிம்ஹோ ஓதப் புத்தகத்தை வரவழைத்துப் பார்த்தார். வீட்டுக்கு வருவது கிரிம்ஹோவின் கடல்தான், ஆனால் புத்தகத்தில் போட்டிருப்பதற்குச் சரியாக ஒரு மணி நேரம் முன்னால் வந்தது. பால்காரரும் தபால்காரரும் நனையாமல் இருக்கட்டும் என்று வாசல் கேட்டில் ஓத நேரங்களை எழுதித் தொங்கவிட்டார். புத்தக நேரத்தில் ஒரு மணி குறைத்து எழுதினால், கடல் அதற்கும் ஒரு மணி முன்னால் வந்தது. இரண்டு மணி குறைத்து எழுதிப் பார்த்தார். அதற்கும் ஒரு மணி முன்னால். அவர் எதை எழுதினாலும் அது ஒரு மணி தப்பாகவே ஆனது. எடை அளவு ஆய்வாளர் எழுதியதை நம்பித் தபால்காரர் ஏழு ஜோடிப் பூட்ஸ்களைக் கெடுத்துக்கொண்டார். பிறகு சந்துக்காரர்களே மனதுக்குள் ஒரு மணி கழித்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

கடல் எதற்காக வருகிறது என்று ஆப்ரிக்குத் தெரியும். தெரிந்ததனால், வேறு எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். கரையிலிருந்து எடுத்துவந்து அலமாரியில் வைத்திருந்த ஒரு கூழாங்கல்லைப் பஞ்சில் சுற்றி, இரண்டு பக்க வருத்தக் கடிதத்தோடு கிரிம்ஹோ ஊர்ச்சபைக்கு அனுப்பினார். சபை பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டு பதில் போட்டது. மறுநாளும் கடல் வந்தது. குறிப்பேட்டில் எழுதிய குறைகளுக்காக வீட்டுக்காரிக்கு எழுதினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அளவு குறைந்ததென்று தான் மூடவைத்த மதுக்கடைக்காரரின் மகனுக்கு எழுதினார். பள்ளியில் தன்னோடு படித்த ஒருவனின் பம்பரத்தை உடைத்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு எழுதினார். பதில்கள் எல்லாம் அன்பாகவே வந்தன. வருத்தத்தைச் சில்லறையாக மாற்றி ஊரெல்லாம் இறைத்தார். நோட்டு மட்டும் சட்டைப்பையில் அப்படியே இருந்தது.

ஒவ்வொரு அக்டோபரும் கிரிம்ஹோவுக்குப் போனார்கள். போகாமல் இருந்தால் ஏதோ இருக்கிறது என்று தோன்றும். போகும்போதெல்லாம் ஆப்ரி சிட்டுக்கு ஏதாவது வாங்கிப் போனார்: முதல் வருஷம் பன்றிக்கறி வைத்துச் சுட்ட 'பை' பலகாரம், அடுத்த வருஷம் ஒரு முழு வட்டப் பாலாடைக்கட்டி, அதற்கடுத்த வருஷம் கம்பளிச் சட்டை. "எதுக்கு சார் இதெல்லாம்? சொந்தக்காரன்கூட இப்பிடி வர்றதில்ல" என்பார் சிட். அந்த லெஸ்டர்ஷைர்க்காரர் மாதிரி நல்ல மனுஷன் கிடையாது என்று மதுக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பார். சிட் எண்பத்தேழில் படகை விற்றார். ஓதத்தைத் தப்பாகக் கணக்கிடுகிறவன் கையில் படகு கூடாது. எண்பத்தொன்பதில் காரை விற்றார். இரண்டு கையிலும் இரண்டு கைக்கடிகாரம் கட்டிக்கொண்டார். பிறகு இரண்டையுமே நம்பாமல், இன்று என்ன கிழமை, தான் சாப்பிட்டாயிற்றா என்றெல்லாம் மகள் ரூத்திடம் கேட்கத் தொடங்கினார். மதுக்கடையில், "இது ஒண்ணாவதா, ரெண்டாவதா?" என்று கோப்பையைக் காட்டிக் கேட்பார். "நாலாவது தாத்தா, காசை எடு" என்று கடைக்காரன் சிரிக்க, சிட் சிரிக்காமல் நாலுக்கும் காசு எடுத்து வைப்பார். கடைக்காரன் தலையைக் குனிந்துகொண்டு மூன்றுக்குத் திருப்பித் தருவான். ஐவி எதிர்வரிசையில் மூன்றாம் வீட்டில் இருந்தாள். தெருவில் பார்த்தால் சிட் தொப்பியைத் தொடுவார். அவள் கைத்தடியைத் தரையில் ஒருமுறை தட்டிவிட்டுப் போவாள். ஏழு வருஷம் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

கிரிம்ஹோவில் மாதம் ஒருமுறை வெளிவரும் ஊர்ச் செய்தித்தாளுக்கு ஆப்ரி சந்தா கட்டியிருந்தார். தொண்ணூற்று மூன்று அக்டோபர் இதழில், பூசணிக்காய்ப் போட்டி முடிவுகளுக்குக் கீழே ஒரு செய்தி இருந்தது. முன்னாள் பலகைக்காரர் சிட் லார்ட்டர், புத்தி தளர்ந்துவருவதால், தன் சொந்த விருப்பத்தின் பேரில் நவம்பர் முதல் தேதியிலிருந்து நாரிச் நகரில் ஒரு முதியோர் விடுதியில் சேர்கிறார். இனிமேல் தன் கையெழுத்து எதிலும் செல்லாது என்று வழக்கறிஞரிடம் எழுதிக்கொடுக்கப் போகிறார். ஆப்ரி அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தார். டாஃப்னி முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு சோபாவுக்கு அடியிலிருந்து பாசியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லப் போறியா இல்லையா?" என்றாள்.

"எதை?"

"ஆப்ரி. அன்னைக்கு நண்டுக் கடையில நீ நாப்கினை எடுத்தப்ப உன் பெருவிரலைப் பார்த்தேன். வெள்ளையா இருந்துச்சு."

ஆப்ரி தன் பெருவிரலைப் பார்த்தார். "அப்பவே ஏன் கேக்கல?"

"முப்பத்தொரு வருஷம் நீ என்னைத் திருத்தினே. ஒரே ஒரு தடவை நீயே உன்னைத் திருத்திக்குவியான்னு பார்த்தேன். ஏழு வருஷம் ஆச்சு. கம்பளம் மூணு மாத்தியாச்சு. எனக்கு மூட்டுவலி வந்திருச்சு." பாசியை வாளியில் போட்டாள். "அதுவும் இல்லாம, எனக்கும் வெக்கமா இருந்துச்சு. நானும்தானே அன்னைக்கு நண்டு தின்னேன். ரெண்டு பிளேட்."

அந்த அக்டோபர் கடைசி சனிக்கிழமை சிட்டின் சமையலறையில் ஆப்ரி உட்கார்ந்தார். இந்தத் தடவை கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. டாஃப்னி வாங்க விடவில்லை. மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். குளிர்கால நேரத்துக்கும் கோடை நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டில் ஆரம்பித்தார். ரூத் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சிட் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், எனக்குத்தான் தலை சரியில்லையே. சுருக்கமாச் சொல்லுங்க" என்றார்.

ஆப்ரி காகிதத்தை மடித்து வைத்தார். "அந்த ரெண்டை அழிச்சது நான்தான்."

குழாயை ரூத் மூடினாள்.

"நான் எழுதியிருந்தேனா?" என்றார் சிட்.

"எழுதியிருந்தீங்க."

"பன்னெண்டு பத்துன்னு?"

"பன்னெண்டு பத்துன்னு."

"ரெண்டு இருந்துச்சா? நீ பாத்தியா? உன் கண்ணால பாத்தியா, தம்பி?" ஏழு வருஷ சார் போய்த் தம்பி வந்திருந்தது. அது கோபத்தாலா, வேறு எதனாலா என்று ஆப்ரிக்குப் பிடிபடவில்லை.

"பார்த்தேன். அழகா எழுதியிருந்தீங்க. நான்தான் தப்பாத் திருத்தினேன்."

சிட் எழுந்தார். ஆப்ரி கண்ணை மூடிக்கொண்டார். அறை விழுந்தால் வாங்கிக்கொள்வது, மன்னித்தால் தலைகுனிவது என்று இரண்டுக்கும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தார். "ரூத், என் கோட்டு எங்க?" என்ற குரல் மட்டும் கேட்டது. பிறகு கதவு. கண்ணைத் திறந்து பார்த்தபோது எதிர்நாற்காலி காலியாக இருந்தது. ஜன்னல் வழியாகத் தெரிந்தது: சிட் தெருவைக் கடந்து மூன்றாம் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். ஐவி திறக்கிறாள். சிட் ஏதோ சொல்கிறார், கையால் காற்றில் ஒரு இரண்டு போட்டுக் காட்டுகிறார். ஐவி கைத்தடியை ஓங்கி அவர் தோளில் ஒன்று வைக்கிறாள். இன்னொன்றும் வைக்கிறாள். "ஏழு வருஷம்! ஏழு வருஷம்டா கிறுக்கா!" என்றது தெரு முழுக்கக் கேட்டது. பிறகு அவர் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறாள்.

ஆப்ரி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னிடம் யாராவது ஏதாவது சொல்ல வருவார்கள் என்று எதிர்பார்த்தார். ரூத் வெகுநேரம் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த நாட்டில் சாவு வீட்டிலும் சண்டை வீட்டிலும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாள்: "டீ குடிக்கிறீங்களா?" சர்க்கரை வேண்டாமென்று சொல்லும் முன்பே மூன்று கரண்டி போட்டுக் கலக்கி வைத்தாள். அவர் அதைக் குடித்து முடித்தார்.

கிளம்பும்போது ஐவி கைத்தடியை ஊன்றிக்கொண்டு காருக்கு வந்து கண்ணாடியைத் தட்டினாள். ஆப்ரி இறக்கினார்.

"என் நாய்க்கு என்ன பேருன்னு தெரியுமா உங்களுக்கு?"

ஆப்ரிக்குத் தெரியவில்லை. ஏழு வருஷத்தில் அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை.

"பிஸ்கட்" என்றாள். திரும்பி நொண்டியபடி போய்விட்டாள்.

பத்து மைல் போனபிறகு, "உனக்குத் தெரியுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"மொத வருஷமே விசாரிச்சேன்" என்றாள் டாஃப்னி, ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

ஊர்ச்சபைக்கும் ஆப்ரி எழுதினார், இந்தத் தடவை நான்கே வரி. நாய்க் கழிவுத் தொட்டிகளை எங்கே வைப்பது என்ற ஆறாம் பொருளுக்குப் பிறகு ஏழாம் பொருளாக அது வாசிக்கப்பட்டது. எல்லோருக்கும் சங்கடமாகிவிட்டது. 'திரு. டில்லட்சனின் கடிதம் பெறப்பட்டது' என்று பதிவு செய்து எட்டாம் பொருளுக்குப் போனார்கள். சாக்பீஸ் டப்பாவைச் சிட்டிடம் திருப்பிக் கொடுக்கப் போனவர்களிடம், "எனக்கு இப்ப வேற வேலை இருக்கு. கடல் அங்கதான கெடக்கு, நீங்களே போய்ப் பாருங்க" என்றாராம். விடுதிக்கு அவர் போகவில்லை. டிசம்பரில் கல்யாணம் நடந்தது. சிட்டுக்கு எழுபத்துமூன்று, ஐவிக்கு அறுபத்தேழு. டில்லட்சன்களுக்கு அழைப்பு வரவில்லை. வெள்ளிக் கரண்டிப் பெட்டி ஒன்றை வாங்கி அனுப்பலாமா என்று ஆப்ரி கேட்டதற்கு, டாஃப்னி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

கிரிம்ஹோவிலிருந்து திரும்பிய மறுநாளே ஆப்ரி வாசல் கேட்டிலிருந்த தாளைக் கழற்றிவிட்டார். நான்காவது கம்பளத்துக்கு அளவெடுத்து வைத்தார். செவ்வாய்க்கிழமை காலையில், வராது என்ற நம்பிக்கையோடு, புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தார். குறைந்தபட்சம், வருவதாக இருந்தாலும் இனிச் சரியான நேரத்துக்காவது வரும் என்று நினைத்தார். கடல் வந்தது. புத்தகத்துக்கு ஒரு மணி முன்னால் வந்தது. கதவுக்கு அடியில் நுழைந்து, சமையலறை, நடை, உட்காரும் அறை என்று வரிசையாகப் போய், கணுக்கால் அளவில் நின்றது. ஆப்ரி புதுச் செருப்போடு அதற்குள் உட்கார்ந்திருந்தார்.

"காலைத் தூக்கி நாற்காலிமேல வை" என்றாள் டாஃப்னி. "சளி பிடிக்கும்."

அவர் வைத்தார். அவளும் எதிரில் தன் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பாடகர் குழுவில் போன வருஷம் நடந்த ஒரு சண்டையை அவள் சொல்ல ஆரம்பித்தாள். கொஞ்சம் நீளமான கதை. தண்ணீர் வடிய ஒன்றரை மணி நேரம் ஆகும், அதற்குள் முடிந்துவிடும்.